துரையின் கிருகப் பிரவேசம்

தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் காற்றுதான் ஊருக்கு எஜமான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளச் சீமையிலிருந்து புறப்பட்டு வரும் மேல்காற்று, குற்றாலத்து மலைகளின்மேல் மழையைக் கொட்டி அருவிகளை நிரப்பிவிட்டு, எஞ்சிய ஈரத்தை வெயிலுக்கு நடுவிலேயே சாரலாகத் தூவிக்கொண்டு எங்கள் தெருக்களின் வழியே கிழக்கு நோக்கிப் போகும். காசி விசுவநாதர் கோவிலுக்கு அந்த மாதங்களில் சென்றவர்கள், ராஜகோபுர வாசலில் நுழையும்போது மேல்துண்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு காற்றை எதிர்த்து நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். இந்தக் காற்றைப் பற்றி இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லக் காரணம், நான் எழுத எடுத்துக்கொண்ட நாய்க்கூண்டின் சரித்திரத்தில் எங்கள் குடும்பத்தார் அனைவரைக் காட்டிலும் இந்தக் காற்றுக்கே பங்கு அதிகம் என்பதுதான்.

என் தாத்தா ரெவினியூ இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சிரஸ்தாராக உயர்ந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். ஜமாபந்திக் கணக்குகளோடு ஆயுளைக் கழித்தவராகையால், எந்தக் காரியத்தையும் முதலில் காகிதத்தில் எழுதிப் பாராமல் தொடங்க மாட்டார். ஊரின் மேல்கோடியில், முன்னால் விசாலமான முற்றமும் பின்னால் தென்னையும் வாழையும் வைத்த தோட்டமுமாக அமைந்த வீடு எங்களுடையது. 1950-களின் தொடக்கம் அது; செங்கோட்டைத் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு இன்னும் சேர்ந்திருக்கவில்லை. தோட்டத்து வாழைத்தார்கள் முற்றும் தறுவாயில் இரவோடிரவாக மறையத் தொடங்கவே, காவலுக்கு ஆள் வைப்பதா, நாய் வளர்ப்பதா என்று தாத்தா இரண்டு பத்திகள் போட்டுச் செலவுக் கணக்கு எழுதினார். நாய்ப் பத்தி ஜெயித்தது.

ராஜபாளையத்துக்கே நேரில் சென்று, பால் மறந்த குட்டி ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். அந்த ஊர் நாயைப் பற்றி இன்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகா நாட்டு நாய் ஜாதிகள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாயிற்று. அன்றைக்கோ, பாளையக்காரர் வீடுகளிலும் பண்ணை வீடுகளிலும் மட்டுமே காணக்கூடிய பிராணி அது. பாலில் தோய்த்தெடுத்த வெண்மை, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண்கள், நெடிய கால்கள். இந்த ஜாதியில் சில குட்டிகள் பிறவிச் செவிடாக இருந்துவிடும் என்று தாத்தா கேள்விப்பட்டிருந்தார். ஆகையால் விலை பேசுமுன், ஒவ்வொரு குட்டியின் பின்புறமும் சந்தடியின்றிப் போய் நின்று, கையோடு கொண்டுபோயிருந்த பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தாராம். துள்ளித் திரும்பியது ஒன்று; அதுவே எங்கள் வீட்டுக்கு வந்தது. வெள்ளைத் தோலையும் சிவந்த மூக்கையும் பார்த்த மாத்திரத்தில் ஆச்சி, "துரை வந்திருக்காரு, நாற்காலி போடுங்க" என்றாள். அவள் பரிகாசமாகச் சொன்ன அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் துரைக்கு நாற்காலி போடுவது இருக்கட்டும், நடையைத் தாண்டி உள்ளே வருவதற்குக்கூட ஆச்சி சம்மதிக்கவில்லை. எங்களுடையது ஆசாரமான சைவக் குடும்பம். கேப்பைக் களியும் மோருமே அதற்கு ஆகாரம், திண்ணையின் மூலையே அதற்குப் படுக்கை என்று முதல் நாளிலேயே விதிக்கப்பட்டது. கோடையிலும் பனியிலும் அந்த ஏற்பாட்டில் குறை ஏதும் தெரியவில்லை. அடுத்த ஆனியில், குட்டி என்ற பருவத்தைக் கடந்து தோள்மட்டம் இரண்டடிக்கு மேல் வளர்ந்துவிட்ட துரை, சாரலில் நனைந்த உடம்போடு ஒருநாள் தார்சாவையும் தாண்டிப் பட்டாசாலைக்குள் வந்து, ஆச்சி பாராயணத்துக்கு உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் நின்று, தலையிலிருந்து வால்வரை ஒருமுறை உதறியது.

"நனைஞ்ச நாயி பட்டாசாலை வரைக்கும் வந்துட்டு. நான் ஒருத்தி இருக்கேன்னு இந்த வீட்டுல யாருக்காவது நெனப்பிருக்கா?" என்றாள் ஆச்சி. அன்று மாலையே தாத்தா நாய்க்கூண்டுக்குப் பிளான் வரைய உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரின் சாமான்கள் ஏலம் போனபோது தாத்தா எடுத்த புத்தகங்களில் நாய் வளர்ப்பைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்று இருந்தது. அதன் பிரகாரம் துரையை முற்றத்தில் நிறுத்தி, நான் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நாடாவால் அளந்தார். அந்த அளவோடு கால்பங்கு கூட்டினால் கூண்டின் நீளம். தலை நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்குச் சற்றே மேல் கூரை. தரையிலிருந்து அரையடியாவது உயர்ந்த பலகைத் தளம். கணக்குப் பார்த்ததில் நீளம் 4 அடி 2 அங்குலம் வந்தது. பழைய அடங்கல் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் சிவப்பு மையும் கறுப்பு மையுமாக அந்தப் படம் அமர்ந்திருந்த நேர்த்தியைப் பார்த்தால், தாலுகாக் கச்சேரியே அதற்கு உட்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடும்.

செங்கோட்டையிலிருந்து வந்த ஆசாரி போடவில்லை. முழக்கோலைப் படிவத்தின்மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடித் திறந்தார்.

"அய்யா, மனுசனுக்குன்னாலும் நாய்க்குன்னாலும் மனை மனைதான். ஆறடிக்குக் கொறஞ்சா சாஸ்திரம் வாயத் தெறக்காது."

"வே ஆசாரி, இது நாய்க்கூண்டுவே! இதுல என்ன குடும்பமா நடத்தப் போறாவ?"

"அது சரி அய்யா. ஆனா கூண்டு நிக்கப் போறது உங்க மனையில. குத்தம் வந்தா நாயா கேக்கும்? ஆச்சியில்லா கேப்பாவ!"

மனையடி சாஸ்திரம் ஆறடியிலிருந்துதான் பலன் சொல்லத் தொடங்குகிறது என்பது வாஸ்தவமே. ஆறடிக்கு நன்மை என்று எழுதியிருக்கிறது. நாலடி இரண்டங்குலத்துக்கு நன்மை, தீமை ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நடைக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி லேசாகக் கனைத்தாள். ரெவினியூ போர்டுக்கே பதில் எழுதிய தாத்தா அந்தக் கனைப்புக்குப் பதில் எழுத இயலாமல், 4 அடி 2 அங்குலத்தை அடித்துவிட்டு ஆறடி என்று திருத்திச் சுருக்கொப்பம் இட்டார்.

கூண்டு எழும்பியது. நல்ல அயனிப் பலகை. இருபுறமும் சரிந்த கூரை. சுத்தம் செய்வதற்குத் தோதாகக் கூரையின் ஒரு பக்கத்தைக் கீல் வைத்துத் தூக்கும்படி அமைத்திருந்தார் ஆசாரி, அதிலே அவருடைய கைவேலையைக் குறை சொல்ல இடமில்லை. உள்ளும் புறமும் பச்சைப் பெயிண்டு, கரையான் ஏறாதிருக்கக் கால்களிலும் அடிப்பலகையிலும் தார். வாழைத்தார்த் திருட்டைத் தடுப்பதே நாயின் உத்தியோகமாகையால், தொழுவத்தை அடுத்த புறவாசலில், தோட்டம் முழுவதும் தெரியும்படி மேற்கே பார்த்த வாசலோடு அதை நிறுத்தினார்கள். ஆசாரிக்கு வேட்டி துண்டும், துரையின் கழுத்துக்குக் கதம்பச் சரம் ஒன்றும் கொடுத்து, தாத்தா அதைக் 'கிருகப் பிரவேசம்' என்று அறிவித்தார். மாடு பார்க்கும் கோனாரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கூடி நின்றோம்.

துரை பிரவேசிக்கவில்லை.

அது மறுத்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. குரைக்கவில்லை, முரண்டு பண்ணவில்லை. வாசலுக்கு ஒரு முழம் இப்பால் நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, மூக்கின் இருபுறமும் துடிக்க நெடுநேரம் மோந்து பார்த்தது. பிறகு பெரிய தும்மல் ஒன்று போட்டுவிட்டு, எங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு முன்முற்றத்துக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்ற வில்வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டது. கதம்பச் சரத்தைப் பின்னால் தொழுவத்து மாடு தின்றது.

அதன்பின் பலவித உபாயங்கள் நடந்தன. ஆச்சி வார்த்த நெய்த் தோசையைக் கூண்டின் உள்மூலையில் வைத்தார்கள். துரை முன்னங்கால்களை மட்டும் உள்ளே ஊன்றி, பின்னங்கால்களை மண்ணிலேயே உறுதியாகப் பதித்து, உடம்பை எவ்வளவு நீட்ட இயலுமோ அவ்வளவு நீட்டித் தோசையைக் கவ்விக்கொண்டு, திரும்பாமல் பின்னோக்கியே வெளியே வந்தது. பலகையில் நகங்கள் உராயும் சப்தம் கேட்டபோதெல்லாம் அதன் காது மடிந்ததை நான் கவனித்தேன். கோனார் பின்னாலிருந்து தள்ளினார். நாயோ நாலு காலையும் நிலைச்சட்டத்துக்கு வெளியே பரப்பிக்கொண்டது. உள்ளே தள்ளிப் படலால் அடைத்த ஓர் இரவில் அது எழுப்பிய ஓலத்தில், அடுத்த தெருவில் யாருக்கோ உயிர் போய்விட்டது என்று எண்ணி இரண்டு பேர் விசாரித்து வந்தார்கள். அந்த இரவுக்குப் பின் கூண்டைக் கண்டாலே துரை சுற்றுவழியாகப் போகத் தொடங்கிற்று. பலவந்தத்தால் ஒரு பிராணியை ஓரிடத்தில் வைக்கலாம். அந்த இடத்தை அது விரும்பும்படி செய்ய ஒருவராலும் ஆகாது என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூடங்களைக் குறித்தும் எனக்கு அதே அபிப்பிராயம்தான், ஆனால் அது வேறு விஷயம்.

மழை வலுத்த நாட்களில் வில்வண்டியின் அடியில் நீரோடும். அப்போதும் துரை அங்கேதான் சுருண்டு கிடக்கும். "பங்களா கட்டிக் குடுத்தும் வண்டிக்கடியில கெடக்கு பாரு" என்று தெருவில் போவோர் சொல்லிப்போவது தாத்தாவின் காதில் விழும். அவர் ஹிந்து பத்திரிகையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

ஆடியில் எங்கள் பசுவுக்கு மடிவீக்கம் கண்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வந்தார். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரியில் நிலைபெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர். பசுவைப் பார்த்து முடித்துக் கைகழுவும்போது, ஆளில்லாத பச்சைக் கூண்டு அவர் கண்ணில் பட்டது. தாத்தா விருத்தாந்தம் முழுவதையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, அதனாலேயே தாத்தாவுக்கு அவரிடம் மதிப்பு உண்டாயிற்று. மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு, தாமே கூண்டுக்குள் தலையையும் தோளையும் நுழைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். வெளியே வந்தபோது அவர் தலைமயிர் முழுவதும் சாரல் துளி.

"ஐயா, உள்ளே காற்று ஊதுகிறது. நாய்க்கு முன்னால் எனக்கே இருக்க முடியவில்லை" என்றார்.

திண்ணையில் காபி குடித்துக்கொண்டே அவர் விளக்கியதைத் தாத்தா குறித்துக்கொண்டார். எனக்கும் பெரும்பாலும் மனப்பாடம். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101, 102 டிகிரி இருக்கும்; நமக்கு அது ஜுரம். குளிர்காலத்தில் அந்தச் சூடு ஒன்றே அதற்குக் கணப்பு. இருக்கும் இடம் தன் உடம்புக்கு ஏற்ற அளவாக இருந்தால் மூச்சும் சூடும் சேர்ந்து அந்த இடத்தை வெதுவெதுப்பாக்கும். ஆறடி அறையில் அந்தச் சூடு கூரைக்கும் மூலைகளுக்கும் போய்ச் சிதறிவிடும். அதிலும் இது சமவெளியில் ஓடி வேட்டையாடுவதற்கென்று வளர்ந்த ஜாதி. மயிர் குட்டை, அடியில் கம்பளி மயிர் கிடையாது, கொழுப்பும் இல்லை. வாசல் மேற்கே பார்த்திருப்பதால் ஆடிக்காற்று முழுவதும் உள்ளேதான் புகுந்து பலகை இடுக்குகளில் ஊளையிடுகிறது. பெயிண்டும் தாரும் நமக்கு வாசனை போய்விட்டது என்று தோன்றலாம். நாயின் மூக்குக்கு இன்னும் பல மாதம் போகாது. தாரை நக்கினால் விஷம்; அதை உடனே செதுக்கி எடுத்துவிட வேண்டும்.

"இதையெல்லாம் சரி செய்தாலும் போதாது" என்றார் டாக்டர். "வண்டிக்கடியில் நனைந்துகொண்டு ஏன் படுத்திருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது?"

நாங்கள் மூவரும் முற்றத்தைப் பார்த்தோம். வண்டிக்கடியிலிருந்து வாசல் கதவு தெரிந்தது. தெருவில் போவோர் வருவோர் தெரிந்தார்கள். எல்லாவற்றையும்விடத் தெளிவாக, தாத்தாவின் சாய்வு நாற்காலி தெரிந்தது. புறவாசல் கூண்டிலிருந்து தெரிந்ததெல்லாம் வாழைமரமும் அதற்கப்பால் கற்றாழை வேலியும்தான். கூட்டமாக வாழும் சுபாவமுள்ள ஒரு பிராணியை அதன் கூட்டத்தார் ஒருவரும் கண்ணில் படாத இடத்தில் குடியிருக்கச் சொல்வது அதற்குச் சிறைவாசம் என்று டாக்டர் சொன்னார். என்னைக் கேட்டால், துரை வேண்டாமென்றது கூண்டை அல்ல, புறவாசலைத்தான். நாங்கள் அதற்குக் கொடுத்த வாசஸ்தலத்தில் மேல்கூரை இருந்தது, ஆச்சி நடமாடும் ஓசை இல்லை.

இனி ஆச்சியிடம் அனுமதி பெறும் கட்டம். தாத்தா அதை டாக்டர் வாயாலேயே சொல்லவைத்தார். வைத்தியர் வார்த்தையை மீறக்கூடாதென்ற கொள்கையுடையவளாகையால், "நடைக்கு உள்ள வராத வரைக்கும் எங்கன கெடந்தா எனக்கென்ன?" என்று ஆச்சி அனுமதி அளித்தாள்.

ஆசாரி மறுபடியும் வந்தார். தாரும் உட்புறத்துப் பெயிண்டும் இழைப்புளிக்கு இரையாகி, வெண்பலகை வெளிப்பட்டது. கரையானுக்காக ஒவ்வொரு காலின் கீழும் கருங்கல் வைக்கப்பட்டது. ஆறடி நீளத்தைக் குறைக்க ஆசாரி எவ்விதத்திலும் ஒப்பவில்லை. ஆகையால் டாக்டரின் யோசனைப்படி உள்ளே குறுக்காக ஒரு பலகைத் தடுப்பு எழுந்தது. வாசல் ஒரு கோடியில். நுழைந்தால் முதலில் சிறு நடை. தடுப்பின் ஓரத்து இடைவெளி வழியாகத் திரும்பினால் நாலடியில் படுக்கை அறை. நடைக்கு வரும் காற்று அங்கேயே நின்றுவிடும். வெளியளவு ஆறடியாகவே இருந்தபடியால் சாஸ்திரத்துக்கும் பழுதில்லை. எட்டுப் பேர் சேர்ந்து, கோனார் முன்னால் நின்று குரல் கொடுக்க, சப்பரம் தூக்குவதுபோல அதைத் தோளில் ஏற்றி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். திண்ணையின் தென்கோடியில், மேல்காற்றை வீடே தடுக்கும்படியாக, வடக்கே பார்த்த வாசலோடு அது அமர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் வாசல் கதவு ஒரு பக்கம், தாத்தாவின் நாற்காலி ஒரு பக்கம்.

இம்முறை யாரும் துரையை அழைக்கவில்லை. டாக்டரின் உத்தரவு அப்படி. தள்ளக்கூடாது, அடைக்கக்கூடாது, கோபம் வந்தால் அங்கே கட்டிப்போடவும் கூடாது. படப்பிலிருந்து உருவிய புது வைக்கோலை உள்ளே ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினோம். துணி ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், வைக்கோல் வாங்காது. அதன்மேல், சலவைக்குப் போடாத தாத்தாவின் பழைய வேட்டி ஒன்று மட்டும். களிச் சட்டியை முதலில் கூண்டுக்கு எதிரே சற்றுத் தொலைவில் வைத்து, நாளுக்கு ஒரு சாணாக நகர்த்தினோம். சட்டி வாசற்படிவரை வந்தது, துரையும் வந்தது. சட்டி நடைக்குள் போனதும் பழையபடி பின்னங்கால்கள் வெளியே நின்றுவிட்டன.

அப்போது எனக்குப் பத்து வயது. பொறுமை என்பதை ஒரு குணமாக நான் அறிந்திராத காலம். விடுமுறை நாளொன்றில் தூறல் தொடங்கியதும், ஒரு கல்கி இதழை எடுத்துக்கொண்டு நானே கூண்டுக்குள் ஊர்ந்துபோய், தடுப்புக்கு அப்பால் வைக்கோலில் படுத்துக்கொண்டேன். வெளியே காற்று போட்ட கூச்சல் அங்கே ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்டது. வைக்கோலின் மணத்தில் கதைக்குள் ஆழ்ந்திருந்தபோது, தடுப்பின் ஓரத்தில் ரோஜா நிற மூக்கு ஒன்று தோன்றிற்று. நான் பக்கத்தைப் புரட்டினேன். மூக்கைத் தொடர்ந்து தலை, தலையைத் தொடர்ந்து ஈரமான கழுத்து. முன்னங்கால் வைக்கோலில் அமிழ்ந்தபோது நகச் சப்தம் கேட்கவில்லை. அதைத் தானும் கவனித்ததுபோல் துரை ஒரு கணம் நின்றது. பிறகு வேட்டியை மோந்து, என் காலை மோந்து, அந்தச் சிறு இடத்துக்குள் மும்முறை தன்னைத்தானே சுற்றி, வைக்கோலை மிதித்துக் குழியாக்கி, முதுகை என் விலாவில் அழுத்திப் படுத்துப் பெருமூச்செறிந்தது. புல்வெளியில் படுத்த மூதாதையரின் வழக்கம் அப்படிச் சுற்றுவது என்பார்கள். அந்தச் சூடு, டாக்டர் சொன்ன 102 டிகிரி, சிறிது நேரத்தில் அறை முழுவதும் பரவிற்று. கதையை நான் முடிக்கவில்லை, தூங்கிப்போனேன்.

"ஏலே, கெணத்தடியில தண்ணி ஊத்திக்கிட்டு உள்ள வா. போட்டிருக்கிற சட்டைய அங்கனயே நனைச்சுப் போடு" என்ற ஆச்சியின் குரல்தான் எழுப்பியது. துரை எழுந்திருக்கவில்லை. அன்றிரவு மழை பிடித்துக்கொண்டது. தாத்தா அரிக்கன் விளக்கோடு இரண்டு தரம் எழுந்து வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கோனார் சொன்னார். தாத்தா, கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுந்ததாகச் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் எங்கள் ஊருக்கு மழை இரண்டு. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வந்த சாரலுக்கு வீடு முதுகு கொடுத்தது. ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து இடியோடு வந்த மழைக்கு யாரும் முதுகு கொடுக்கவில்லை. வடக்கு வாசல் வழியே அடித்த எறிசாரலில் நடை முழுவதும் நனைந்து, தடுப்புக்கு அப்பாலும் ஈரம் தட்டிற்று. துரை வண்டிக்குத் திரும்பும் அறிகுறி தெரிந்தது. வாசலில் சாக்குப் படுதா ஒன்று தொங்கவிடுவதென்று முடிவாயிற்று. தொங்கிய படுதாவைக் கண்டு துரை மீண்டும் அந்நியமாக நின்றது. இந்தத் தடவை வைத்தியம் செய்தவர் கோனார். சாக்கை மேலிருந்து கீழாக நாலு கீற்றாகக் கிழித்து, முதலில் ஒரு கீற்றை மட்டும் ஓரத்தில் தொங்கவிட்டார். அது பழகியபின் இரண்டாவது, அப்படியே நாலும். முதுகில் சாக்கு உரசுவது நாளடைவில் துரைக்குப் பிடித்துப்போய், வேலையில்லாத நேரத்தில்கூட அதற்காகவே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

பராமரிப்பு வேலை என்மேல் விழுந்தது. பதினைந்து நாளுக்கொரு தரம் கூரையைத் தூக்கி, பழைய வைக்கோலை வாரி எரித்து, பலகையை வெந்நீரால் கழுவி, வெயில் காட்டி, புது வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை பரப்ப வேண்டும். இதில் ஒருமுறை சோம்பினாலும் உண்ணி அடுத்த வாரமே துரையின் காதுமடலுக்குள் வரிசையாகக் குடியேறிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடும் வேலை கூண்டைக் கழுவுவதைவிடப் பெரிது.

பங்குனி வந்ததும் துரை கூண்டைத் துறந்தது. தொட்டியடியில் எலுமிச்சைச் செடிக்குக் கீழே ஈரமண்ணைப் பறித்து, வயிறு முழுவதும் குழியில் படியும்படி கிடந்து, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் குடிவைத்தது வீணாயிற்றே என்று தாத்தாவுக்கு ஆற்றாமை. டாக்டரோ, நாய்க்கு உள்ளங்கால் தவிர வேறெங்கும் வேர்வை கிடையாதென்றும், இளைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டுமென்றும், வெயில்காலத்தில் மரப்பெட்டிக்குள் படுக்காத நாய்தான் புத்தியுள்ள நாய் என்றும் சொல்லித் தேற்றினார். கோழி இல்லாத எங்கள் வீட்டின் காலியான கூண்டில் அடுத்த வீட்டுக் கோழி வந்து முட்டையிட்டது. ஆச்சிக்குத் தெரியாமல் கோனார் அதை எடுத்துக்கொண்டு போனார். மறு ஆனியில் முதல் சாரல் விழுந்த அன்று துரை தானாகவே எழுந்து, சாக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. வாழைத்தார்த் திருட்டு என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: நாய் முன்முற்றத்திலிருந்து குரைத்தாலும் புறவாசல் திருடனுக்குக் கேட்கத்தான் செய்தது.

கூண்டின் புகழ் தெருவில் பரவியது. எதிர்வீட்டுப் பண்ணையார் அல்சேஷன் நாய் ஒன்று வாங்கினார்; அதே ஆசாரியை அழைத்தார். எங்கள் திண்ணையில் அமர்ந்துதான் பேச்சு நடந்தது. டாக்டர், வைக்கோல், தடுப்பு, வேட்டி என்று தாத்தா விவரமாக எடுத்துரைத்ததையெல்லாம் பொறுமையோடு கேட்டிருந்த ஆசாரி, கடைசியில் முழக்கோலை மடியில் வைத்துக்கொண்டு பண்ணையார் பக்கம் திரும்பினார்.

"அய்யா சொல்லுத அம்புட்டும் சரிதான். ஆனா மொதல்ல அய்யா எழுதுனது நாலடி. நாந்தான் ஆறடிக்குக் கொறையப்படாதுன்னு ஒத்தக்கால்ல நின்னேன். இப்பம் நாயி எப்படிக் கெடக்குன்னு நீங்களே பாக்கீக. உங்களுக்கு எத்தனையில போடட்டும்?"

"ஏழுல போட்டா என்னவே?"

"ஏழு தரித்திரம்."

"எட்டு?"

"எட்டு பாக்கியம்."

பண்ணையார் எட்டுக்கு அச்சாரம் கொடுத்தார்.